பழகிய உயரம்

பஸ் நின்றதும் அதை ஓட்டிவந்த அவள் தம்பி எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் அவள் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. மலை ஏற ஏற இரண்டு காதும் அடைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு எச்சிலை விழுங்கி வாயே வறண்டு போயிருந்தது. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்த நொடியில் பட்டென்று காது திறந்தது. திறந்த காதுக்குள் வந்து விழ ஒன்றுமே இல்லை. அவள் வீட்டில் தையல் மெஷின் நின்றால் பக்கத்து வீட்டு டிவி கேட்கும், டிவி நின்றால் லிஃப்ட் கதவு இழுபடுவது கேட்கும், அதுவும் ஓய்ந்தால் தண்ணீர்க் குழாய் முனகும். இங்கே அப்படி அடுத்ததாகக் கேட்பதற்கு எதுவும் வரிசையில் நிற்கவில்லை. அடைப்பு இன்னும் போகவில்லையோ என்ற சந்தேகத்தில் ஒரு தடவை செருமிப் பார்த்தாள். செருமல் நன்றாகவே கேட்டது.

"அக்கா, சாயந்திரம் கடைசி வண்டியும் நான்தான். இதே மரத்தடியில நில்லுங்க" என்றான் தம்பி, டிரைவர் சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டி. "மாமா, உங்களுக்கு என்ன, இதெல்லாம் வீட்டு மாடிப்படி மாதிரி. எங்க அக்காவைத்தான் கட்டி இழுத்துட்டுப் போகணும்."

பஸ்ஸில் மிச்சம் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் கணவர் கிரேன்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, ஷூ நாடா சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அவிழ்த்து மறுபடி கட்டினார். பஸ் கிளம்பி அடுத்த வளைவில் மறையும்வரை அவர் நிமிரவில்லை.

அவரை எல்லோருமே கிரேன்காரர் என்றுதான் சொல்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன், மளிகைக் கடைக்காரர், ஏன், மற்றவர்களிடம் பேசும்போது அவளும்கூட. நகரத்தில் எங்கே உயரமான கட்டடம் எழும்பினாலும் அதன் பக்கத்தில் நிற்கும் மஞ்சள் கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை இயக்குவது அவர் வேலை. காலையில் ஏணியில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான். அவள் வேலை அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்று அவளுக்குக் காலர் மட்டும் கொடுக்கும். சட்டை யாரோ, கை யாரோ, பட்டன் யாரோ. வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வருஷக்கணக்காக அவள் தைத்தது கழுத்துப்பட்டிகளை மட்டும்தான். கம்பெனியில் அவளுக்குக் காலர்க்கா என்று பெயர்.

ஏறக்குறைய ஒரு மாதமாகக் கிரேன்காரர் வேலைக்குப் போகவில்லை. "சைட்டை மூடிட்டாங்க. நிலத்து மேல ஏதோ கேஸ்" என்றார். அவளும் சரி என்றாள். ஆனால் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால், மூன்று தெரு தள்ளி அந்த மஞ்சள் கிரேன் தெரியும். அதன் நீளமான கை நிற்கும், இறங்கும், எதையோ தூக்கும், சாவகாசமாகத் திரும்பும். உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் பார்த்தபோது ஈரத் துணியைப் பிழியாமலேயே கொடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். முழுக் கிரேனை எங்கே மறைப்பது? ஆனாலும் கேட்கவில்லை. ஒரு தையலைப் பிரிக்கும் முன்னால் அதைத் திரும்பத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவள் தொழிலில் படித்த பாடம். இதைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களா? டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? அவர் குடிக்கவில்லை, கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எழுந்தால் அந்தக் குடியிருப்பில் யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டுப் போய்ச் சரிசெய்து கொடுப்பார். இப்போது அந்தக் கட்டடத்தில் ஒழுகுவதற்குக் குழாயே மிச்சமில்லை.

தம்பி மனைவி எத்தனையோ வருஷமாக "வாங்க அண்ணி, ஒரு தடவையாவது வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கூப்பிட்டபோது, போகலாமா என்று இவள் அவரைக் கேட்டாள். மாட்டேன் என்பார் என்று நினைத்திருந்தாள். "போலாம்" என்றார். இருவருமே அதுவரை மலையில் கால் வைத்ததில்லை.

தம்பி மனைவி இந்த மலையிலேயே பிறந்தவள். பால் சேகரிக்கும் டிப்போவில் வேலை. இன்று லீவு போட்டுவிட்டு, பஸ் நிற்கும் மரத்தடியிலேயே காத்திருந்தாள். அவளுக்குத் தம்பி வைத்திருக்கும் பெயர் ரேடியோ. ஒரு தடவை திருகிவிட்டால் போதும், தானாக நிற்காது. காட்டுப் பாதையில் நுழைந்ததுமே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. "அண்ணி, வேர் மேல கால் வைக்காதீங்க, வழுக்கும். அண்ணே, குனிஞ்சு வாங்க. இந்த மரத்துலதான் எங்க சூப்பர்வைசர் முட்டிக்கிட்டாரு. முட்டிக்கிட்டு மரத்துக்கிட்ட சாரி சொன்னாரு. நிஜமா சொல்றேன் அண்ணி, கையெடுத்து சாரி சொன்னாரு." தோளில் பெரிய பை. அதில் ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, பிளாஸ்கில் தேநீர், மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அவள் ஏற்றத்திலும் மூச்சு வாங்காமல் பேசினாள். கேஸ் சிலிண்டர் வண்டி மேலே வராதது, எந்த மாடு எந்த வீட்டு மாடு, எந்த வீட்டில் பாலில் தண்ணீர் கலப்பார்கள், எல்லாம் சொன்னாள்.

காடு ஈரமாக இருந்தது. மரங்களின் உடம்பெல்லாம் பாசி. தொட்டால் நாய்க்குட்டியின் முதுகு மாதிரி மெத்தென்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எங்கிருந்தோ தண்ணீர் விழும் சத்தம் கூடவே வந்தது. அவள் திரும்பித் திரும்பிக் கணவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் நன்றாகத்தான் நடந்தார். இளைப்பாறும் இடத்தில் பையை வாங்கித் தான் மாட்டிக்கொண்டார். ரேடியோவின் ஒரு கதைக்கு, சூப்பர்வைசர் குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டு வெண்ணெய் டப்பாவால் கதவைத் தட்டிய கதைக்கு, வாய்விட்டே சிரித்தார். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மரங்கள் முன்னறிவிப்பில்லாமல் முடிந்தன. ஒரு வாசலைத் தாண்டியது மாதிரிதான் இருந்தது. இந்தப் பக்கம் காடு, அடுத்த அடியில் புல், அதற்கு அடுத்த அடியில் வானம். அவள் நின்றுவிட்டாள்.

முதலில் அவளுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பச்சையாக ஒரு மலை. அதற்குப் பின்னால் நீலமாக ஒன்று. அதற்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று. அதோடு முடிந்தது என்று நினைக்கும்போது, அதற்கும் அப்பால் ஒரு கோடு. அது மலையா, தன் கண்ணில் விழுந்த தூசியா என்று தெரியாத அளவுக்கு மெலிதாக. கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மாட்டாமலேயே பார்த்தாள். அவள் கண்ணுக்கு ஒரு முழங்கைத் தூரம்தான் பழக்கம்: ஊசி, நூல், காலரின் முனை. அந்த முனை கூராகத் திரும்புகிறதா என்பதற்கு மேல் அந்தக் கண்ணை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இன்று அதை அவிழ்த்து விட்டதுபோல, பார்வை போய்க்கொண்டே இருந்தது. எங்கே முட்டி நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழுகை இல்லை. கண் உழைத்த வேர்வை அது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காலர் துணியைப் பார்த்து எத்தனையோ தடவை "மலைச்சுப் போயிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி? என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்ல. எவ்ளோ இருக்கு" என்றாள்.

"ஆமா, நெறைய இருக்கும்" என்றாள் ரேடியோ, கடையில் வெங்காயத்தைப் பற்றிக் கேட்டவரிடம் சொல்வதுபோல. "வாங்க, இன்னும் கொஞ்சம் போனா முகட்டுப் பாதை. அது முடியற இடத்துல ஒரு பெரிய பாறை. அங்க உக்காந்து சாப்பிடலாம்."

முகட்டுப் பாதை என்பது மலையின் முதுகெலும்பு. இரண்டு பக்கமும் புல்சரிவு. பாதையில் இரண்டு பேர் தாராளமாகக் கைகோத்து நடக்கலாம், மாடுகளே நடக்கின்றன. வலப்பக்கச் சரிவில் காலை வெயில் விழுந்து புல் பொன்னாக இருந்தது. இடப்பக்கம் சரிவு கொஞ்ச தூரம் போய், பிறகு காணாமல் போனது. அதன் கீழே பள்ளத்தாக்கு முழுக்க நிழல். ரேடியோ முன்னால் போனாள். அவள் நடுவில். முதலில் கால் கூசியது. பத்து அடி வைத்ததும் கூச்சம் போய், உள்ளங்காலிலிருந்து ஒரு சந்தோஷம் ஏறியது. காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. மொட்டைமாடிக்கு மேல் ஏறியிராத உடம்பு இது. யாராவது பார்த்தால் நம்புவார்களா?

அதைச் சொல்லத்தான் திரும்பினாள். கிரேன்காரர் பின்னால் இல்லை. பாதை தொடங்கி ஏழெட்டு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டு இல்லை. விழுந்தவர் மாதிரி, கால் ஒன்று நீண்டு, ஒன்று மடங்கி. இரண்டு கையும் பக்கத்துப் புல்லைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

அவள் ஓடினாள். அந்தப் பாதையில் ஓடுகிறோம் என்பதே ஓடி முடித்த பிறகுதான் உறைத்தது. "என்னங்க? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"தலை சுத்துதா?"

"இல்ல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் நிறமே இல்லை. "நகர முடியல. அவ்ளோதான்."

ரேடியோ மூச்சிரைக்க வந்து நின்றாள். அவரைப் பார்த்தாள், புல்லைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தாள். பையை அவர் தோளிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, "அப்ப உக்காருவோம். பாறை எங்க ஓடிடப் போகுது? இத்தனை வருஷமா அங்கதான இருக்கு" என்றாள். பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி அண்ணி கையில் கொடுத்தாள். பிறகு, தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டைக் காட்டி, "அது எங்க டிப்போவுக்கு ஊத்தற மாடு மாதிரி இருக்கு. பாத்துட்டு வந்துடறேன்" என்று போய்விட்டாள். அது காளை. இவ்வளவு தூரத்திலிருந்து நகரத்துக்காரி அவளுக்கே தெரிந்தது.

தேநீரை அவர் வாயருகில் வைத்தாள். அவர் கையை எடுக்கவில்லை. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. சூடு உள்ளே போனதும் அவர் பேசினார்.

"சைட் மூடல."

"தெரியும்."

"தெரியுமா?"

"துணி காயப்போடறப்ப பாத்தேன். திரும்பிட்டுதான இருக்கு."

"கேக்கவே இல்லையே நீ."

"நீங்க சொல்லவே இல்லையே."

அதற்குப் பிறகு சொன்னார். முழங்காலைப் பார்த்தபடியே, துண்டு துண்டாக. ஒரு சாயந்திரம் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பாதி வழியில் இருந்தபோது காற்று வந்தது. பெரிய காற்று ஒன்றுமில்லை. அதைவிடப் பெரியதெல்லாம் பார்த்தவர்தான். கட்டு ஆடியது. நிதானமாக இறக்கி வைத்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கீழேயிருந்து சிக்னல் காட்டுகிறவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேலை முடிந்தது, இறங்க வேண்டியதுதான். அப்போதுதான் கை லீவரை விட்டு வரவில்லை. எடு என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. கூண்டின் தரையில் இருக்கும் கண்ணாடி வழியாக எத்தனையோ வருஷமாகப் பார்த்த அதே தரையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. வெளிச்சம் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் சிக்னல்காரர் ஏறி வந்து, ஏணியில் அவருக்குக் கீழே நின்றுகொண்டு, அவர் குதிகாலைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கினார்.

"குழந்தைக்கு நடை பழக்கற மாதிரி" என்றார். "மறுநாள் போனேன். பாதி ஏணி ஏறினேன். முடியல. வீட்டுக்கு வந்து, மூடிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"இன்னிக்கு ஏன் வந்தீங்க அப்ப?"

"மண்ணுதான, கால் தரையிலதான இருக்கப்போகுதுன்னு நினைச்சேன். மலைல சரியா இருந்தா அங்கயும் சரியாயிடும்னு..."

அவளுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனால் போகிறது, வேறு வேலையா கிடைக்காது, எல்லோருக்கும் வருவதுதான். பதிலாக அவள் இடப்பக்கம் திரும்பி, முதல் தடவையாக, வேண்டுமென்றே, கீழே பார்த்தாள். புல் சரிந்து போனது. ஓர் இடத்தில் புல் முடிந்தது. அதற்குக் கீழே, நினைத்ததைவிட வெகு கீழே, மரங்கள் பாசி மாதிரி இருந்தன. அந்தப் பாசியின் நடுவே ஒரு வெள்ளை நூல். அருவியாக இருக்க வேண்டும். விழுகிறதா, சும்மா தொங்குகிறதா என்றே தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை, "மேல எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். "என்ன, காத்தா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் டிரைவர் உட்கார்ந்திருப்பதுபோல, கல்லாவில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பதுபோல, அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்து, சட்டையில் பட்டன் போய்விட்டதா என்று பார்த்து அனுப்பிவைத்தாள். அனுப்பிவைத்தது இதற்குள்ளா?

"மேல இப்படியா இருக்கும்?"

"இவ்ளோ உயரம் எல்லாம் இல்ல. ஆனா இப்படித்தான்."

"இதுலயா இத்தனை வருஷமா உக்காந்திருந்தீங்க?"

அவள் குரலில் இருந்தது என்னவென்று புரியாமல் அவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் அந்த மலைகளைப் பார்த்த அதே மாதிரி, கண்ணாடி இல்லாமல், கண் கலங்கி, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழகிப்போச்சு" என்றார், கூசிப்போய்.

"இது எப்படிங்க பழகும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியல" என்றார். "பழகினதுதான் போயிடுச்சு. முதல் நாள் ஏறினப்ப இருந்துதே, அது திரும்ப வந்துடுச்சு."

அவள் அவர் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெயிலுக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் வலது கை புல்லைப் பிடித்தபடி இருந்தது. இடது கையை அவள் விரல் விரலாகப் பிரித்தெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் புல்லின் பச்சை ஒட்டியிருந்தது.

"அண்ணி! கீழ பாருங்க!" ரேடியோ ஓடி வந்தாள். "மேகம் வருது!"

பள்ளத்தாக்கின் நிழலிலிருந்து அது கிளம்பியிருந்தது. முதலில் மரங்களுக்கு நடுவே புகை மாதிரி. பிறகு அருவி மறைந்தது. பிறகு மரங்கள். அடுப்பில் வைத்த பால் ஓரத்திலிருந்து எழும்புவதுபோல, சத்தமே இல்லாமல், அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வெள்ளையாக மேலே வந்தது. அவ்வளவு பெரிய ஒன்று நகர்ந்தால் ஏதாவது சத்தம் வர வேண்டாமா? வரவில்லை. அவள் அவர் கையை இறுக்கினாள். பொங்கி வழிந்து தங்களை மூடிவிடும் என்று நினைத்தபோது, முகட்டுக்குக் கொஞ்சம் கீழே அது நின்றது. இடப்பக்கம் உலகமே இல்லை. வெள்ளைதான். காற்றும் அடங்கிவிட்டது. வெயில் மட்டும் முதுகில் உறைத்தது.

அப்போது அந்த வெள்ளையின் மேல் நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தாள். மலையின் நீளமான நிழல். அதன் விளிம்பில் மூன்று சின்ன மேடுகள்: உட்கார்ந்திருக்கும் இரண்டு, நிற்கும் ஒன்று. அது தாங்கள்தான் என்று புரிந்த அதே நேரத்தில் வளையம் தெரிந்தது. மேகத்தின் மேல், முழு வட்டமாக ஒரு வானவில். வெளியே சிவப்பு, உள்ளே போகப் போக மஞ்சள், பச்சை, நீலம். வட்டத்தின் நட்டநடுவில் அவள் தலையின் நிழல்.

"ஐயோ அண்ணி" என்றாள் ரேடியோ, குரலே எழும்பாமல். "என் தலையைச் சுத்தி என்னன்னு பாருங்க."

"உன் தலையா? எனக்கில்ல இருக்கு."

"இல்ல அண்ணி, நிக்கறது நான். நிக்கற தலையைச் சுத்தித்தான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுப் பாருங்க."

அவள் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். கழற்றியும் பார்த்தாள். உட்கார்ந்திருக்கும் தன் தலையைச் சுற்றித்தான் இருந்தது. சந்தேகத்தில் கையைத் தூக்கினாள். தூரத்தில், மேகத்தின் மேல், வளையத்துக்குள் இருந்த நிழல் கையைத் தூக்கியது. "பாரு, நான்தான்!"

"எனக்கு என் தலையைச் சுத்தித்தான் தெரியுது" என்றார் கிரேன்காரர். மெதுவாகத்தான் சொன்னார். இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் நேராகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யார் சொல்றது நிஜம்?" என்றாள் ரேடியோ. அவள் பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறாள். இந்தப் பாதையில் மாடு தேடி வந்திருக்கிறாள், விறகுக்கு வந்திருக்கிறாள், காதலித்த நாட்களில் இவள் தம்பியோடும் வந்திருக்கிறாள். "நான் பாத்ததே இல்ல அண்ணி. யாரும் சொன்னதுகூட இல்ல" என்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவள் தன் கணவரை நெருங்கி உட்கார்ந்தாள். மேகத்தில் ஒரு மேடு இன்னொரு மேட்டை நோக்கி நகர்ந்தது. வளையமும் அவளோடு நகர்ந்தது. இன்னும் நெருங்கி, அவர் காதோடு தன் காது உரச, தலையை ஒட்டி வைத்தாள். அவர் தலைமுடியில் காட்டின் ஈர வாசனை. அங்கே இரண்டு நிழலும் ஒன்றாகிவிட்டன. ஒரே வட்டம். அதற்குள் இரண்டு தலையா ஒரு தலையா என்று சொல்ல முடியாத ஒரு கறுப்பு.

"இப்ப யாருக்கு இருக்கு?"

"எனக்கு இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "உனக்கு?"

"எனக்கும் இருக்கு."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியாது. கழுத்து வலித்தது. அசைந்தால் போய்விடும் என்று அசையாமல் இருந்தாள். அசையாமலே அது போனது. முதலில் சிவப்பு வெளுத்தது, பிறகு பச்சை. நிழல்கள் தேய்ந்தன. மேகம் அங்கங்கே நைந்த துணி மாதிரி இழை விட்டுப் பிரிய ஆரம்பித்தது. ரேடியோ வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள். உரித்த சுளைகளை மூன்று பேர் கையிலும் வைத்தாள். யாரும் பாறையைப் பற்றிப் பேசவில்லை. கிரேன்காரர் சுளையை வாயில் போட்டுக்கொள்ள வலது கையை எடுத்திருந்தார். அதைக் கவனித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"அங்க பாரு" என்றார் அவர்.

கிழிந்த மேகத்தின் ஓட்டை வழியாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. இறக்கையை அடிக்கவே இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, பெரிய வட்டமாக, ஒரு பருந்து. அவளுக்கு அது பருந்துதானா என்று சந்தேகம். அவள் பார்த்த பருந்தெல்லாம் தலைக்கு மேலே, வெயிலை மறைத்துக்கொண்டு, கறுப்பாகப் போகும் வயிறுகள்தான். இது கீழே பறந்தது. வெயில் அதன் முதுகின் மேல் விழுந்தது. முதுகு செம்பு நிறமாக மின்னியது. கழுத்தருகே வெளிறி, தோள்பட்டையில் அடர்ந்து, இறக்கை நுனியில் ஒவ்வொரு இறகும் விரல் மாதிரி தனித்தனியாகப் பிரிந்து காற்றைத் தொட்டது.

"இதுங்க முதுகு இந்த நிறம்தான்" என்றார் கிரேன்காரர். "கூண்டுக்குக் கீழ சுத்தும். மத்தியானத்துல, சாப்பிடறப்ப. தினமும் பாப்பேன்."

"சொன்னதே இல்லையே நீங்க."

"என்னன்னு சொல்றது?"

பருந்து அடுத்த வட்டத்துக்குச் சாய்ந்தது. மேகத்தின் ஓட்டை அகன்று, கீழே தூரத்தில் மரங்கள் தெரிந்தன, அருவி தெரிந்தது. அவர் பருந்தைக் கண்ணால் பின்தொடர்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்னால் சரிந்து, சரிவின் விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தானும் எட்டிப் பார்த்தாள். செம்பு நிற முதுகு ஒரு தடவை முழுதாக வெயிலுக்குத் திரும்பியது. பிறகு மெல்ல மெல்ல, இறங்குவதே தெரியாமல், ஆழத்தை நோக்கி வட்டமிட்டுப் போனது.